உள்பக்கம் சாய்ந்த கம்பி

டீ வேண்டாம் சார், வெந்நீர் போதும். இந்த வரைபடத்தை மேசையில் விரித்துக்கொள்ளட்டுமா? சுருண்டே பழகிவிட்டது, மூலைக்கு ஒன்றாக எதையாவது வைத்து அழுத்த வேண்டும். அந்தக் கண்ணாடிக் குண்டைக் கொடுங்கள். அந்தப் போட்டோவையும் வைக்கலாமா? உங்கள் மகளா? களையான முகம். இவளையும் அடுத்த வருஷம் இங்கே விடுதியில்தான் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள். நல்லது. சொந்தப் பிள்ளையை உள்ளே வைக்கிற தாளாளருக்குத்தான் சுவரின் அருமை தெரியும்.

வரைபடம் இருக்கட்டும். பழைய பள்ளியிலிருந்து ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். வீடியோ பார்த்திருப்பீர்கள். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதில் கடைசிக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நான் சிறைத்துறையில் இருந்தவன். தலைமை வார்டராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தேன். என் காலத்தில் ஒருவன்கூடச் சுவர் தாண்டியதில்லை. பள்ளிக்கூடமும் ஜெயிலும் ஒன்றா என்று சிலர் சிரிப்பார்கள். ஒன்று இல்லைதான். அங்கே இருப்பவனுக்கு என்றைக்கு வெளியே போவோம் என்று தெரியும், அடங்கி இருப்பான். பிள்ளைகள் அப்படி இல்லை. பிள்ளைகளைக் காப்பதுதான் கஷ்டம்.

நான் அந்தப் பள்ளிக்குப் போவதற்கு முந்தின வருஷம் ஒரு சம்பவம். ஒருத்தன் பெண்டாட்டியோடு கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தான். நேராக வாசலுக்கு வந்து, நான் அப்பா என்று சொல்லியிருக்கிறான். அப்பாதானே என்று இவர்களும் மகளை அவனோடு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணை மீட்பதற்குள் தாளாளருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி ஆள் வந்தது. 'சார், நீங்க ஒரு திட்டம் போட்டுக் குடுங்க. ஈ உள்ள வரக்கூடாது' என்றார் தாளாளர். ஈ வருவது இருக்கட்டும், முதலில் உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்றேன். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவரை ஒட்டி வேப்பமரம் வரிசையாக நின்றது. எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். தாவரவியல் டீச்சர் அழுதுவிட்டார். அது மரமல்ல மேடம், ஏணி என்றேன். விளக்குகளையெல்லாம் விடுதியைப் பார்த்துத் திருப்பினேன். கேமராக்களையும் அப்படியே. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தது. தீயணைப்புத் துறைக்காரர்கள் இரண்டு வழி இருக்க வேண்டும் என்பார்கள். சரி, வரைபடத்தில் இரண்டு வழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டேன். இரண்டு வாசல் உள்ள இடத்துக்குப் பாதுகாப்பே கிடையாது சார்.

சுவருக்கு மேல் முள்கம்பி கட்டுவதற்கு இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும். வெல்டிங் வேலைக்குச் சின்னராசு என்று ஒருவன் வந்தான். 'சட்டத்தை உள்பக்கமா சாய்க்கறதுங்களா, வெளிப்பக்கமாங்களா?' என்று கேட்டான். எனக்குக் கேள்வியே புரியவில்லை. உள்பக்கம்தானப்பா, வேறு எந்தப் பக்கம் என்றேன்.

'இல்லீங்க, மில்லு, குடோனுக்கெல்லாம் வெளிப்பக்கமாத்தான் சாய்ச்சு வெப்போம். திருடன் வெளிய இருந்துதான வருவான்?'

'இங்க திருடறதுக்கு என்னப்பா இருக்குது?'

அவன் சிரித்துவிட்டான். 'அப்பக் கோழிப்பண்ணை மாதிரின்னு சொல்லுங்க' என்றான். வேலைக்காரன் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் வேலை சுத்தம். சட்டமெல்லாம் ஒரே சாய்வு. கீழே நின்று பார்த்தால் குடை பிடித்த மாதிரி தலைக்கு மேல் வளைந்து நிற்கும்.

பெற்றோர்கள் அதைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்த்தார்கள் சார். மார்க் பட்டியலைப் பிறகுதான் கேட்டார்கள். சேர்க்கை நாளில் சுவரோரமாக நடந்து நடந்து பார்ப்பார்கள். சில பேர் தட்டிக்கூடப் பார்ப்பார்கள், பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி.

அப்படித் தட்டிப் பார்த்தவள்தான் தெய்வானை. கோபிகாவின் அம்மா. நூல் மில்லில் வேலை. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். மகளைப் பதினொன்றில் சேர்க்க வந்திருந்தாள். அண்ணாந்து கம்பியைப் பார்த்து, 'ஏனுங்க, இதை ஏறிக் குதிக்கவே முடியாதுங்களா?' என்றாள்.

'காக்காய்க்குத்தாம்மா முடியும்' என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: 'எங்கண்ணன் பையனுக்கு இவளக் கேட்டு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. பன்னண்டாவது முடிக்கறதுக்குள்ள என்னத்தையாச்சும் சொல்லி ஊட்டுக்குக் கூட்டியாந்து வெச்சுக்குவாங்க. எங்கண்ணனே வந்து கண்ணீர் உட்டாலும் அனுப்பீராதீங்க. நான் வந்தாத்தான்.'

'நீங்க வந்தாத்தாம்மா கதவு தெறக்கும்' என்றேன்.

வாக்கு சார் அது. பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் காட்ட வீட்டுக்கு ஒரு அட்டை, படம் ஒட்டிக் கொடுப்போம். மற்றவர்கள் அட்டையில் அப்பா, அம்மா, சித்தப்பா என்று மூன்று முகம் இருக்கும். கோபிகாவின் அட்டையில் ஒரே முகம். தெய்வானை. பெரிய பொட்டு, விரிந்த கண். அட்டையில் உள்ள முகம் நேரில் வந்தால்தான் பிள்ளை வெளியே போகும். இது நான் வைத்த விதி. விதி என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விதி எதற்கு?

உங்களுக்குத் தெரியாததா? பொய்யில் பெரிய பொய் சாவுப் பொய்தான். பொங்கலுக்கு முன்னால் பாருங்கள், தீபாவளிக்கு முன்னால் பாருங்கள், ஊரில் பெரியப்பாக்கள் சாரை சாரையாகச் செத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் தன் மாமனாரை இரண்டு தரம் சாகடித்தார். மூன்றாம் முறை அந்த மாமனாரே மகள்வீட்டுப் பேத்தியைப் பார்க்கப் பலகாரத்தோடு வந்து நிற்கிறார். இதையெல்லாம் பார்த்தவன் நான்.

அன்றைக்கு மாதத் தேர்வு. வாசலில் ஒரு ஆள் வண்டியை நிறுத்தாமல் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். மேல்சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது, தறிக்காரன். பெயர் செங்கோடன். கோபிகாவின் மாமன் என்றான்.

'தங்கச்சி போய்ட்டாளுங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. புள்ளைய அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள எடுக்கோணும், நாளைக்குக் கரிநாளு.'

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கண்ணனே வந்து கண்ணீர் விட்டாலும் என்று அவள் சொன்னாளே, அதே அண்ணன், அதே கண்ணீர். சொன்னது சொன்னபடி நடக்கிறது. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மனசு இளகிக் கதவைத் திறந்திருப்பான். நான் அட்டை கேட்டேன்.

அட்டையை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். 'இதுல உங்க படம் இல்லீங்களே' என்றேன்.

'எப்படிங்க இருக்கும்? தங்கச்சி படம்தான் இருக்குது.'

'அப்ப அவங்க வரோணும்.'

'அவதாங்க செத்துட்டா.'

'இருக்கலாம். ஆனா அவங்க வரோணும்.'

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு ஊரே என்னைப் பேசுகிறது. அது நான் சொன்னதல்ல சார், விதி சொன்னது. நான் வெறும் வாய்.

சும்மா இருந்துவிடவில்லை. அட்டையில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டேன். அதுதான் முறை. யாரோ ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரே அழுகைச் சத்தம். 'கோபிகா அம்மாவா பேசறது?' என்று கேட்டேன். அந்தப் பெண் ஓவென்று அழுதாள். 'அம்மாகிட்ட போனைக் குடுங்க' என்றேன். இன்னும் சத்தமாக அழுதாள். அழுகையை வைத்து ஆளை எப்படிச் சார் அடையாளம் காண்பது? பதிவு செய்த ஆள் பேசவில்லை என்று வைத்துவிட்டேன்.

விடுதிக் காப்பாளர் ரோசலின் மேடம் வந்தார். இளகின மனசு. 'பொண்ணக் கூப்பிட்டு, மாமாதானான்னு கேட்டுட்டு அனுப்பிரலாமே சார்? நானே கூடப் போய்ட்டு வர்றேன்' என்றார்.

'வீட்டுக்குப் போறியான்னு கேட்டா எந்தப் புள்ளை மேடம் இல்லைங்கும்? பரீட்சை எழுதிட்டிருக்கா. பொய்யா இருந்தா ஒரு நாள் பூரா அழுவா. அந்த அழுகைக்கு யார் பொறுப்பு?' என்றேன்.

பொண்ணின் நன்மையை நான் யோசித்தேன். வேறு யார் யோசித்தார்கள்?

செங்கோடனிடம் டாக்டர் கடிதம் கேட்டேன். வீட்டில் செத்த உயிருக்கு யார் கடிதம் கொடுப்பார்கள் என்றான். அப்படியானால் வேறு ஏதாவது அத்தாட்சி கொண்டுவா என்றேன். கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டான். 'உங்களுக்குத் தங்கச்சி இருக்குதுங்களா?' என்று கேட்டான். இதெல்லாம் வாசலில் பேசுகிற பேச்சா? அப்புறம் தள்ளிப்போய் யாருக்கோ போன் செய்தான். திரும்பி வந்து செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

வாட்ஸ்அப்பில் படம் வரவழைத்திருக்கிறான். தெய்வானையைக் கிடத்தியிருந்தார்கள். தாடைக்கு வெள்ளைத் துணி கட்டி உச்சியில் முடிச்சு. நெற்றியில் காசு. கண் மூடியிருக்கிறது. முகமெல்லாம் மஞ்சள்.

நான் அவசரப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்தேன். அட்டையில் கண் திறந்திருக்கிறது, இதில் மூடியிருக்கிறது. அட்டையில் பொட்டு, இதில் காசு. அட்டையில் உருண்டை முகம். இதில் துணி இறுக்கிக் கன்னம் ஒட்டி நீண்டுபோயிருக்கிறது. 'ஒத்துவரலைங்களே' என்றேன்.

அந்தப் படத்தை என் நம்பருக்கு அனுப்பு, பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்றேன். அனுப்பினான். அதற்கு முன் இரண்டு தரம் தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டான்.

நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வாசலில் இல்லை. பின்பக்கச் சுவருக்குப் போய்விட்டான். வெளியே நின்றுகொண்டு கத்துகிறான். 'கோபிகா, அம்மா போய்ட்டாடி. கோபிகா, வாடி, முகத்தப் பாக்க வாடி.' தேர்வு நடக்கிற இடத்தில் இப்படியா கத்துவது? மாடியில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவள் படிக்கட்டில் இறங்கி ஓடினாள். முன்வாசலுக்கு வந்திருந்தால் நான் பேசிப் புரியவைத்திருப்பேன். உங்கம்மா என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா என்று சொல்லியிருப்பேன். அவள் குரல் வந்த பக்கம் ஓடினாள். முதலில் அந்தப் பின்கதவுக்குத்தான் போயிருக்கிறாள். தள்ளியிருக்கிறாள், உதைத்திருக்கிறாள். வெல்டிங் அசையுமா? அங்கே ஒரு பெஞ்சு கிடந்தது. அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து ஏறிவிட்டாள்.

சுவர் உச்சிவரை போய்விட்டாள் சார். அங்கேதான் சட்டம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. தலைக்கு மேல் கம்பி. வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் சுவர்மேல் நிற்க இடம் கிடைத்திருக்கும், எட்டிக் குதித்திருப்பாள். இது ஏறுகிறவளைப் பின்னால் தள்ளும். அதற்குத்தானே வைத்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒதுக்கப் பார்த்திருக்கிறாள். பெஞ்சு சரிந்துவிட்டது. கையும் துப்பட்டாவும் மாட்டித் தொங்கினாள். அந்தப் பக்கம் மாமன் சுவரைக் கையால் அடிக்கிறான். இந்தப் பக்கம் பிள்ளைகள் அலறுகிறார்கள். நீங்கள் பார்த்த வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் ஏணியோடு ஓடிவருவது அதில் இருக்கும். ஓடிவந்தேன் என்று யாராவது சொன்னார்களா?

இறக்கினோம். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தது. கன்னத்தில் ஒரு கோடு, காது வரை. பின்கதவு அடைப்பு என்பதால் முன்வாசல்வரை சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அட்டை வேண்டாம் என்று விதியில் நானே எழுதியிருந்தேன். கதவைத் திறந்துவிட்டேன். மாமன் அவளை மடியில் போட்டுக்கொண்டு பள்ளி வேனில் போனான். அவள் அழவே இல்லை. வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். 'சார், இப்பப் போலாமா?' என்றாள். போம்மா என்றேன்.

தையல் போட்டு முடிப்பதற்குள் அங்கே எடுத்துவிட்டார்களாம். கரிநாள் வந்துவிடும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள். இது என் தப்பா? ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் வைத்திருந்தால் நான் சாவை முறையாக விசாரித்து உறுதிப்படுத்தி, நானே கொண்டுபோய் விட்டிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். கையில் எத்தனை ஆழம் வெட்டு, நரம்பு தப்பியது, எழுத முடியும் என்று டாக்டர் சொன்னார், எல்லாம் சொன்னேன். என் மனைவி, 'அந்தப் புள்ளைக்கு முகத்தக் காட்டலியா?' என்று மட்டும் கேட்டாள். அன்றையிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

பள்ளியில் என்ன செய்தார்கள்? வீடியோ பரவிய மறுநாள் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டாரே அதே தாளாளர், முகத்தைப் பார்க்காமல் பேசினார். அனுபவம் இல்லாத ஆளை நம்பிவிட்டோம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அனுபவம் இல்லாத ஆளா நான்? சரி, போகட்டும். எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். சுவருக்குப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறார்கள். கம்பி அப்படியே இருக்கிறது. அதே சாய்வு, ஒரு சட்டம்கூட மாறவில்லை. அட்டையும் அதேதானாம். சேர்க்கை முன்பைவிட அதிகமாம். என் திட்டம் வேண்டும், நான் வேண்டாம். இதற்கு என்ன பெயர் சார்?

நான் யோசிக்காதவன் இல்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. எங்கே தவறினோம், எங்கே தவறினோம் என்று என்னையே கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மற்றவர்களைக் குற்றம் சொல்கிறவன் தேற மாட்டான். என் மேல் தப்பு இருக்கிறது. இருக்கிறது சார், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெஞ்சு.

மரத்தை வெட்டியவன் பெஞ்சை விட்டுவிட்டேன். கழற்றி நகர்த்தக்கூடிய எதுவும் சுவர்ப் பக்கம் இருக்கக்கூடாது என்பது பாலபாடம். இதோ, இந்த வரைபடத்தில் பாருங்கள். உங்கள் பள்ளியில் எல்லாப் பெஞ்சும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்படும். ஊன்றிச் சாய்க்க ஒரு துடைப்பக்கட்டைகூடக் கிடைக்காது. வகுப்பு ஜன்னலை மேலே ஏற்றிக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறேன், வெளியே இருந்து எவன் கத்தினாலும் கேட்காது.

இன்னொன்றையும் சரிசெய்திருக்கிறேன். அது யாரும் யோசிக்காதது. இருங்கள், செல்போனில் அந்த இரண்டு படமும் இருக்கிறது. அட்டையில் உள்ளது, மாமன் அனுப்பியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஒரே ஆள்தானா? ஏன் சார் முகத்தைத் திருப்புகிறீர்கள்? சரி, வேண்டாம், வைத்துவிடுகிறேன். எனக்கு இப்போது ஒரே ஆள் என்று தெரிகிறது. மூக்கோரத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. மஞ்சளில் மறைந்திருந்தது. அன்றைக்கு எப்படித் தெரியும்? திறந்த கண்ணை வைத்துக்கொண்டு மூடிய கண்ணை ஒப்பிட்டால் எவனுக்குத்தான் தெரியும்?

அதனால் இனி அட்டையில் இரண்டு படம். கண் திறந்து ஒன்று, கண் மூடி ஒன்று. சேர்க்கை அன்றைக்கே அம்மா, அப்பா இருவரையும் எடுத்துவிட வேண்டும். பிறகு வாசலில் எந்தச் சிக்கலும் வராது. எந்த நிலையில் முகம் வந்தாலும் ஒத்துப்பார்த்து, உடனே பிள்ளையை அனுப்பிவிடலாம். அந்தப் பொண்ணுக்கு நேர்ந்தது இன்னொரு பொண்ணுக்கு நேரக்கூடாது, அதுதானே வேண்டும்?

நல்ல யோசனை என்கிறீர்களா? உங்களுக்குப் புரியும் என்று தெரியும் சார். சுவர்? சுவருக்குக் கம்பி உள்பக்கம்தான். அதில் மாற்றம் இல்லை.

ஒரு மாதிரிக்கு உங்களையே எடுத்துவிடட்டுமா? உங்கள் மகளும் சேரத்தானே போகிறாள், முதல் அட்டை தாளாளருடையதாக இருக்கட்டும். மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். இறுக்கி மூட வேண்டாம், சும்மா மூடினால் போதும். வாயைச் சேர்த்து வையுங்கள், தாடையைக் கையால் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள். சிரிக்காதீர்கள் சார், சிரித்தால் ஒத்துவராது. அப்படித்தான்.

அசையாதீர்கள்.